இடது பாதப் பிரிவு

மூன்றாம் குழாய் நிலையத்தில் ஒரு ரப்பர் வளையம் நெகிழ்ந்தபோது, வேம்படித்துறை நன்னீர் நிறுவனத்தின் எண்ணூறு ஊழியர்களுக்கும் இடது முழங்கையில் குடைச்சல் எடுத்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முழங்கையைத் தேய்த்தார். வாசலில் காவலாளி முகத்தைச் சுளித்தார். பழுதுபார்ப்பவர்கள் யாரும் சொல்லாமலே ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வளையம் மாற்றப்பட்டதும் எண்ணூறு பேரும் கையை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

அமலோற்பவமும் கையை மடக்கிப் பார்த்தாள். மற்றவர்களைவிட அவளுக்கு அதில் கொஞ்சம் கூடுதல் திருப்தி, ஏனென்றால் அந்த வலி அவளுடைய கைவேலை.

அவள் அந்த நிறுவனத்தின் உருவகப் பொறியாளர். காதுக்குப் பின்னால் துளசி இலை போல ஒட்டிக்கொள்ளும் சாதனத்துக்கு உருவகி என்று பெயர். அது செய்கிற காரியம் ஒன்றும் பிரமாதமில்லை. மனித மூளை எதையும் நேராகப் புரிந்துகொள்வதில்லை. முன்பே பழகிய வேறொன்றை வைத்துத்தான் பிடித்துக்கொள்கிறது. காலம் ஓடுகிறது என்கிறோம். கடன் கழுத்தை நெரிக்கிறது என்கிறோம். கோபம் கொதிக்கிறது, பேச்சு கசக்கிறது. இதெல்லாம் புலவர்கள் பொழுதுபோகாமல் செய்த வேலை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஒரு வரி கவிதை படிக்காதவன் மூளையும் இப்படித்தான் நடக்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஒன்றை இன்னொன்றாகக் காணும் அந்தப் பாதை தலைக்குள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் சும்மா இருக்க முடியுமா? அதில் விருப்பப்பட்ட வண்டியை ஓட்டும் வழியையும் கண்டுபிடித்துச் சந்தையில் விற்றார்கள்.

வாங்கியவர்கள் நிறுவனங்கள். எல்லோரும் முதலில் கேட்டது குடும்பத்தைத்தான். தங்கள் அலுவலகத்தை ஊழியர்கள் சொந்த வீடாக உணர்ந்துவிட்டால் சம்பள உயர்வு கேட்க மாட்டார்கள் என்ற நப்பாசை. கேட்கவில்லைதான். இரண்டாம் வருடம் சொத்தில் பாகம் கேட்டார்கள். ஒரு நூற்பாலையில் மூத்த மேலாளரும் இளைய மேலாளரும் முகம்பார்த்துப் பேசுவதை நிறுத்தி, நடுவில் சுவர் எழுப்பி, ஆலையை இரண்டாக்கிக்கொண்டு போனார்கள். பிறகு படை என்று கொஞ்சநாள் ஓடியது. படைக்கு எதிரி வேண்டும். வெளியே அகப்படாதபோது வாடிக்கையாளர்களையே எதிரியாக்கிக்கொண்டார்கள். இயந்திரம் என்று வைத்துப் பார்த்த இடங்களில் ஐம்பது வயதானவர்கள் தாங்கள் தேய்ந்துவிட்டதாகவும் தங்களுக்குப் பதில் புதுப் பாகம் போடும்படியும் தாங்களே மனு எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக் கண்கலங்கிய முதலாளிகளும் உண்டு, மனுக்களை ஏற்றுக்கொண்டு கலங்கினார்கள்.

அமலோற்பவம் யோசித்து வைத்தது உடல். தலைமையகம் என்கிறோம், உறுப்பினர் என்கிறோம், அங்கம் என்கிறோம். மொழியே பாதி வேலையை முடித்து வைத்திருந்தது. மீதியை உருவகி முடித்தது. கடல்நீரை உறிஞ்சும் நிலையம் வாய், வடிகட்டும் கூடங்கள் குடல், ஊருக்குப் போகும் குழாய்கள் ரத்தநாளம். வடித்தபின் மிஞ்சும் கடும் உப்புநீரைத் தொலைவில் கடலுக்குள் கொண்டு விடும் உப்புக்கழிவுப் பிரிவுக்கு இடது பாதம் கிடைத்தது. எங்கே என்ன கெட்டாலும் எல்லோருக்கும் அந்தந்த இடத்தில் வலித்தது. தினமும் வேலை தொடங்குமுன் எல்லோரும் கண்ணை மூடி நின்று தங்கள் உடம்பைக் கவனித்தார்கள். அதற்கு உடல் கேட்டல் என்று பெயர். "வலது விலாவுல லேசா பிடிக்கி" என்று யாராவது சொன்னால் ஐந்தாம் தொட்டியைப் போய்ப் பார்ப்பார்கள். இரண்டு வருடம் போனதும் அளவுமானிகளை எல்லாம் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். வயிற்றுவலியைப் பார்க்க யாராவது வயிற்றில் மீட்டர் மாட்டுவார்களா என்று நிர்வாக இயக்குநர் ஞானதிரவியம் கேட்டார், கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஞானதிரவியம்தான் ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. உப்புக்கழிவுப் பிரிவ மூடுதோம். குழாய்த்துழாவின்னு ஒரு மிசின் வந்திருக்கு. உள்ளேயே ஊர்ந்து போயி எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடும். நாப்பது ஆள வச்சிருக்கது வீண்."

 அந்த நாற்பது பேரில் ஒருவன் கித்தேரியான், அமலோற்பவத்தின் தம்பி. அம்மா போனபிறகு அவனுக்குச் சோறூட்டி, ஜெபம் சொல்லிக்கொடுத்து, அடித்து வளர்த்தவள் அவள்தான்.

"மூடுறது பெரிசில்ல. வலிதான் பிரச்சன" என்றார் அவர். "போன வருசம் அந்த ஒத்த வாட்ச்மேன நிப்பாட்டுனோமே, என்ன பாடு பட்டோம்? சுண்டுவிரல் நகத்தப் பிடுங்குன மாதிரி எல்லாவனுக்கும் ஒரு மாசம். என்னால சோறு பெசைய முடியல. இப்ப ஒரு பாதத்தையே எடுக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி டாக்டர் ஊசி போட்டு மரக்க வைக்காருல்லா? அது மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?"

முடியும் என்று அவளுக்குத் தெரியும். உருவகியில் ஒரு பகுதியின் உணர்வை மட்டும் அணைத்து வைக்கலாம். அதற்கு மரப்பு என்று அவள் பெயர்கூட வைத்திருந்தாள், பயன்படுத்தியதில்லை.

"சார், எந்தம்பி அங்க இருக்கான்."

"தெரியும்மா. அதனாலதான் சொல்லுதேன். எங்களுக்கெல்லாம் ஒரு வலின்னா உங்களுக்கு ரெண்டு வலி. மரப்பு போட்டா உங்களுக்கும் நல்லதுல்லா."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அவள்மேல் கரிசனத்தோடுதான் சொன்னார். அவளுக்கோ பயம். தம்பியை வெட்டியெடுக்கும் வலி எப்படி இருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் இடது கணுக்காலில் ஒரு மின்னல் ஓடியது. மறுத்திருக்கலாம். மறுத்தாலும் பிரிவை மூடத்தான் போகிறார்கள், வலி மட்டும் மிச்சமாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போனாள். கித்தேரியான் முழங்கால்வரை உப்புநீரில் நின்று குழாய்வாயைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அக்காளைப் பார்த்ததும் மேலே ஏறி வந்தான். அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டான். "வேல போனா போவுது. வேற பாத்துக்கிடலாம். இந்த மரப்பு போட்டா நீ என்ன எப்படிக்கா பாப்ப?"

"ஒண்ணும் ஆவாதுல. நிறுவனத்துக்குத்தான் மரப்பு. நீ எந்தம்பி."

"ஒனக்கு ரெண்டையும் பிரிச்சுப் பாக்க வருமா? எனக்கு வராது. எனக்குத் தலை வலிச்சாலே ஆபீஸ்ல ஏதோ கெட்டுப்போச்சுன்னு நெனைக்கேன்."

"ஆறு மாசம் பொறு. அதுக்கப்புறம் கொஞ்சங்கொஞ்சமா மரப்ப எடுத்துருவேன். வெட்டுன வலி அப்பம் வரும், வந்து ஆறிரும். சத்தியமா எடுத்துருவேன்."

அவன் தலையாட்டினான். அவள் எந்தச் சத்தியத்தையும் அதுவரை மீறியதில்லை.

மரப்பு போட்டபின் பிரிவை மூடுவது வெகு சுலபமாக நடந்தது. நாற்பது பேரும் வரிசையாக வந்து, காதுக்குப் பின்னாலிருந்த உருவகியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் அழுதார்கள். உள்ளே இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், வேடிக்கையும் சுவாரசியமாக இல்லாததால் டீ குடிக்கப் போனார்கள். கித்தேரியான் அவள் மேசைக்கு முன்னால் நின்று "வாரேன்க்கா" என்றான். அவள் "சரி" என்றாள். அவன் போனபின்தான் இன்னும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று நினைத்தாள். என்ன சொல்வது என்று தோன்றவில்லை.

அதன்பின் நாட்கள் நன்றாகவே போயின. உடல் கேட்டலில் "நலம்" என்ற சொல்லே அதிகம் கேட்டது. குழாய்த்துழாவி எங்கோ தவறு செய்து கரையோரம் மீன்கள் செத்து ஒதுங்கின. வலையர்கள் வந்து சத்தம் போட்டார்கள். ஊழியர்கள் அவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, எங்களுக்கு ஒன்றும் வலிக்கவில்லையே என்று பொறுமையாக விளக்கி அனுப்பினார்கள்.

கித்தேரியானுக்கு வேலை கிடைக்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் அமலோற்பவத்துக்குத் தெரியும். மாதாமாதம் அவன் மனைவிக்கு மளிகை வாங்கிக் கொடுத்தாள், ஒருமுறையும் தவறவில்லை. அவன் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த காலைத் தொடுவது போல இருந்தது. தன்னுடையதுதான் என்று தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. அவளுக்கு நாள் நினைவிருந்தது. மரப்பை எடுக்கும் கட்டளையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்தால் மிச்சமிருக்கும் எழுநூற்று அறுபது பேரும் துடிப்பார்கள், அவளும் துடிப்பாள். எடுக்காவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மூடி வைத்தாள். அடுத்த வாரமும் அதே போலத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு நன்மை எனும் நற்கருணை அப்பம் வாங்கப் போகிறவர்கள் நடுப்பாதையில் வரிசையாக நடந்தார்கள். ஊரில் பாதிப்பேர் நன்னீர் நிறுவனம்தான். பூசை முடிந்து கூட்டம் கலைந்தபோது பின்னால் நின்ற ஒரு பெண் வீறிட்டாள். வெள்ளைத் தரை முழுக்க ரத்தத் தடங்கள். அத்தனையும் இடது கால்.

முற்றத்தில் கித்தேரியான் ஓடிவந்து அமலோற்பவத்தைப் பிடித்து உட்காரவைத்தான். அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். குதிகாலில் ஒரு பாட்டில் சில்லு புதைந்திருந்தது. சுற்றிச் சதை கறுத்துப்போயிருந்தது, இன்று நேற்று ஏறியதில்லை.

"வலிக்கலியாக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். "இல்லியே."

சில்லைப் பிடுங்கும்போது அவன் வாய்விட்டு அழுதான். அவள் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது என்று கவனித்தாள்.

டாக்டர் பேச்சியம்மாள் அந்த வாரம் முழுக்க இடது பாதங்களைத்தான் பார்த்தார். நகம் பெயர்ந்தவை, ஆணி ஏறியவை, வெந்நீரில் வெந்தவை. "தொழுநோய் மாதிரி இருக்கு, ஆனா கிருமி இல்ல" என்றார் அமலோற்பவத்திடம். "தொழுநோய்ல விரல் தானா விழுறதில்லம்மா. வலி தெரியாததால அவங்க பாத்துக்கிட மாட்டாங்க. புண்ணோட நடப்பாங்க, நெருப்ப மிதிப்பாங்க. அப்படியே போயிரும். ஒங்களுக்கு ரெண்டு விரல எடுக்கணும். வருத்தப்படாதீங்க."

"இல்ல டாக்டர், வருத்தமில்ல" என்றாள் அவள். அது உண்மைதான்.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. உருவகிக்காரர்கள் எல்லோரும் நம்பிய ஒன்று, பாதை ஒருவழி என்பது. உடம்பிலிருந்து உணர்வை எடுத்து நிறுவனத்துக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். பாதை இருவழி. நிறுவனம் உடம்பானபோதே உடம்பும் நிறுவனமாகிவிட்டது. அங்கே எந்த இடத்தை வேண்டாம் என்று வைத்தார்களோ அந்த இடத்தை ஒவ்வொருவரும் தன் உடம்பிலும் வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். கண்டுபிடிப்பு பெரிது. முன்பாக இருந்தால் இரவெல்லாம் தூக்கம் வந்திருக்காது.

இயக்குநர் கூட்டத்தில் அவள் இதை விளக்கினாள். ஞானதிரவியம் இடது காலில் கட்டோடு வந்திருந்தார், சுண்டுவிரல் போயிருந்தது. "மரப்பை எடுத்துரலாம் சார்" என்று முடித்தாள்.

"எடுத்தா என்னாவும்?"

"நாப்பது பேர வெட்டுன வலி வரும். இந்தப் புண்ணோட வலியும் சேந்து வரும். அப்புறம் ஆறும்."

"எடுக்கலேன்னா?"

"இன்னும் கொஞ்சப் பேருக்கு விரல் போவும்."

அவர் நிஜமாகவே குழம்பினார். "அது வலிக்காதேம்மா. வலிக்கத எதுக்குக் கொண்டுவரணும்? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் காரணத்தைத் தேடினாள். இருக்கிறது என்று தெரிந்தது, கையில் அகப்படவில்லை. வலி வேண்டும் என்று கேட்பதற்கே கொஞ்சம் வலி மிச்சம் இருக்க வேண்டும் போலிருக்கிறது. "ஒரு யோசனையாச் சொன்னேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

தீர்மானம் வேறு மாதிரி வந்தது. ஊழியர்களின் இடது பாதத்தைத் தினமும் வேலை முடிந்து போகுமுன் ஆள் வைத்துப் பரிசோதிப்பது. முள், ஆணி, சில்லு இருந்தால் எடுத்து மருந்து போடுவது. ஆள் எங்கே? ஊரில் உருவகி மாட்டாமல், கண்ணால் பார்த்துப் பதறக்கூடிய ஆட்கள் நாற்பது பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் அவர்களையே எடுத்தார்கள். கித்தேரியானும் வந்தான். எழுநூற்று அறுபது பேர் வரிசையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்ட, அவர்கள் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள்.

முதல் வாரமே புகார் வந்தது. பார்க்கிறவர்கள் அழுகிறார்கள், தாமதமாகிறது.

"அவங்களுக்கும் உருவகி மாட்டிருங்க" என்றார் ஞானதிரவியம். "ஆனா ஒடம்புல சேக்காதீங்க. சேத்தா நாளைக்கு நிப்பாட்டும்போது திரும்ப இந்தக் கூத்துதான். வெளிய இருக்கணும், கால பாதுகாக்கணும், தேஞ்சா மாத்தணும், மாத்துனா வலிக்கக் கூடாது. அப்படி என்ன இருக்கு?"

அமலோற்பவம் யோசித்தாள். தொழில் கேள்வி என்பதால் விடை சட்டென்று வந்தது. "செருப்பு சார்."

"அது சரியா இருக்கும்" என்றார் அவர்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். எல்லா நிபந்தனைக்கும் பொருந்துகிற உருவகம் அத்தனை எளிதில் அமையாது.

உருவகி மாட்டும் நாளில் கித்தேரியான் அவளிடம் கடைசியாக வந்தான். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்திருக்கிறான். "அக்கா, சத்தியம் பண்ணுனியே. அத எடுத்துருக்கா. ஒரு நிமிச வேலதான? எனக்காக வேண்டாம். ஒன் கால பாரு."

"செய்யணும்னு தெரியுதுல."

"பெறவு?"

"எதுக்குன்னுதான் தெரியல." அவள் அவனை ஏமாற்றவில்லை. "ஒனக்கு இது வேண்டாம்னா மாட்ட வேண்டாம். வேல கெடையாது, அவ்வளவுதான்."

அவன் அவள் முகத்தை ரொம்பநேரம் பார்த்தான். அங்கே யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு, பிள்ளைகள் இரண்டையும் அக்காள் தரும் மளிகையிலேயே வளர்த்துவிட முடியாதல்லவா, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினான். அவள் அவன் முடியை ஒதுக்கி உருவகியை ஒட்டினாள். சின்ன வயதில் அவனுக்குக் காதில் சீழ் வந்தபோது இதே போல மடியில் சாய்த்துக்கொண்டு மருந்து விட்டதும், அவன் கத்தியதைத் தாங்காமல் அவளும் சேர்ந்து கத்தியதும் நினைவுக்கு வந்தன. வேறு யார் வீட்டிலோ நடந்ததாகக் கேள்விப்பட்டது போல இருந்தது.

அழுகை நின்றது. வரிசை வேகமாக நகர்ந்தது. புகார் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கித்தேரியான் அவள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பையில் சாளை மீன். இந்த வீட்டில் அவன் ஒருநாளும் அழைப்புக்குக் காத்து நின்றதில்லை. இன்று வாசற்படிக்குக் கீழே, அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்புக்குப் பக்கத்தில் நின்று பையை நீட்டினான்.

"உள்ள வால. சாப்பிட்டுட்டுப் போ."

"இருக்கட்டும். நான் இங்கனயே இருக்கேன்." முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை. தனக்குரிய இடம் கிடைத்தவனின் நிம்மதி இருந்தது. "ஒங்க கால மட்டும் காட்டுங்க, பாத்துருதேன்."

நீ என்று சொல்லிப் பழகியவன் நீங்க என்றான். அவள் படியில் நின்று காலைக் கொடுத்தாள். அவன் குத்தவைத்து, இரண்டு விரல் இல்லாத பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மண்ணைத் துடைத்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றான். வெயில் அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும் என்று அமலோற்பவத்துக்குத் தோன்றியது. வருகிறதா என்று கொஞ்சம் காத்துக்கூடப் பார்த்தாள்.

பிறகு உள்ளே போய் மீனை ஆய்ந்து குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோதும் அவன் அங்கேயே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மீன் வாசத்துக்குப் பூனை வரும் என்று அவள் கதவைச் சாத்தினாள்.